கூடுவாஞ்சேரிக்குப் போன கடிதம்

ஜெராக்ஸ் எடுத்த காகிதத்தைச் சூடாகக் கையில் வாங்கினால் போதும், நான் மேற்குத் தாம்பரத்துக்குப் போய்விடுவேன். நேற்று ஆதார் நகல் எடுத்த கடையிலும் முகர்ந்து பார்த்தேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டுமே.

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ. அங்கே ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ், டிடிபி சென்டரில் தமிழ் டைப்பிங் எனக்கு வேலை. என் வேகத்தைப் பார்த்தால் ஆமைக்கே கோபம் வரும். ஆனாலும் மாணிக்கம் சார் என்னைத்தான் தேடி வருவார். எண்பது தாண்டியவர், வெள்ளைக்காரன் பட்டாளத்தில் பர்மா சண்டை பார்த்தவர். இரண்டு கண்ணிலும் புரை.

"கூடுவாஞ்சேரிக்கு ஒரு கடுதாசி அடிக்கணும்மா." விலாசத்தை மூச்சு விடாமல் சொன்னார். அறுபது வருஷத்து மனப்பாடம்.

சண்டைக் காலத்தில் பட்டாளத்துக் கடிதங்கள் ஆபீசர் பார்வைக்குப் பிறகுதான் ஊருக்குப் போகும். அவருக்குத் தமிழ் தெரியாது. படித்துச் சொல்வது சாரின் வேலை. பக்கத்துப் படுக்கைக்காரர் கோவிந்தன், வெள்ளைக்காரனை விரட்ட எதிர்ப்பக்கம் நம் ஆட்கள் திரட்டிய படைக்கு ஓடப்போவதாகக் கூடுவாஞ்சேரியில் இருந்த மனைவி ராஜம்மாளுக்கு எழுதியிருந்தார். முகாமில் உளவாளி தேடிக்கொண்டிருந்த சமயம் அது.

"நான்தான் படிப்பேன்னு தெரிஞ்சுதாம்மா எழுதினான். அந்த வரிய தாண்டிப் பூடுவேன்னு நம்புனான். பயந்துகினு படிச்சிட்டேன். இட்டுகினு போனாங்க, திரும்பி வர்ல."

ராஜம்மாளுக்கு மிஞ்சியது துரோகி பெண்டாட்டி என்ற பேர்தான்.

சார் சொல்லி நான் அடித்த கடிதம் முழுக்கக் கோவிந்தனின் பாட்டும் சிரிப்பும். கடைசியில், "அவன காட்டிக் குடுத்தது நான்தான்." அடித்தேன். இத்தனை வயதில் அந்தம்மாவுக்கு இது எதற்கு என்று தோன்றியது. அந்த வரியை அழித்துவிட்டேன். பெரிய நியாயஸ்தி நான்!

"எல்லாம் கீதாம்மா? ஒரு வரியும் வுடலியே?"

"எல்லாம் இருக்கு சார்."

பத்து நாளில் பதில் வந்தது. நான்தான் படித்தேன். "அவரைப் பத்தி நல்லதா சொல்ல ஒருத்தராவது இருக்கீங்களே. வீட்டுக்கு வாங்க." சார் மேஜையில் தலை சாய்த்து அழுதார்.

இஸ்திரி போட்ட சட்டையோடு மின்ரயில் ஏறிப் போனவர், மறுநாள் வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"மீன் கொழம்பு வெச்சி சோறு போட்டுச்சிம்மா. நான் காட்டிக் குடுத்ததப்பத்தி ஒரு வார்த்த கேக்கல. இன்னா மனசு அதுக்கு!"

நான் வாயே திறக்கவில்லை. தேவையில்லாததற்கெல்லாம் திறக்கிற வாய்.

அந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. சாரும் இல்லை, ராஜம்மாளும் இல்லை. "எல்லாம் கீதாம்மா?" என்று அவர் இன்னொரு தடவை வந்து கேட்க மாட்டாரா என்று ஏங்குகிறேன். ஒரு வரி விட்டுவிட்டேன் சார் என்று சொல்லிவிடுவேன்.