அண்ணன் பெயர் இருந்த இடம்

அப்பாவின் பழைய பாஸ்போர்ட்டில் ஒரு குடும்பப் படம் உண்டு. அப்பா, அம்மா, அம்மாவின் இடுப்பில் இரண்டு வயது அண்ணன். மூன்று பேரும் வெயிலில் நிற்பதுபோலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருப்பார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் மூன்று தலைமுறை இருந்துவிட்டு, அரசாங்க ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தலைமன்னாரில் கப்பலேறி வந்தவர்களுக்கு, கொள்ளுத்தாத்தா பிறந்த மம்சாபுரத்தில் அடையாளம் சொல்ல ஓர் ஆள்கூட இல்லை. கடைசியில் மில் வேலை கிடைத்து ராஜபாளையத்தில் தங்கினார்கள். நான் இங்கே பிறந்தவன்.

எண்பதுகளின் நடுவில், நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது, வரலாற்று ஆசிரியர் கண்காட்சிக்காக 'எங்கள் குடும்பம் வந்த வழி' என்று ஓர் அட்டை தயாரிக்கச் சொன்னார். மற்ற பையன்களுக்கு எழுத அதிகமில்லை. எனக்குக் கப்பலே இருந்தது. அம்மாவை அடுப்படியில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டேன். அண்ணன் பிறந்த கதையைக் கேட்டபோது அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். அண்ணன் என் அத்தையின் பிள்ளை. அப்பாவின் தங்கையான அவள் பிரசவத்தில் இறந்துபோனாள். அவள் புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டு போய்விட, அப்பா குழந்தையைத் தன் மகன் என்று எழுதிக்கொடுத்துக் கூட்டிவந்துவிட்டார்.

"அவனுக்குத் தெரியாது. நீ வாயத் தொறந்திராதலே, சாமி."

சரி என்று தலையாட்டினேன். ஆட்டிவிட்டு எழுதினேன்.

உண்மையை அப்படியே எழுதுகிறவனுக்குத்தான் பரிசு என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். அதைத்தான் இத்தனை வருடம் காரணமாகச் சொல்லி வந்திருக்கிறேன். அது முழுக் காரணம் அல்ல. அப்பா எதற்கும் முதலில் கூப்பிடுவது அண்ணனைத்தான். அட்டையில் அப்பாவின் பெயருக்குக் கீழே என் பெயர் மட்டும் தனியாக நின்றபோது எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. அது நல்ல சந்தோஷம் இல்லை என்று பதின்மூன்று வயதிலேயே எனக்குத் தெரியும்.

கண்காட்சி ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்தது. அண்ணன் வருவான் என்று நான் நினைக்கவில்லை. மில்லில் காலை ஷிப்ட் முடித்து, தலையில் பஞ்சோடு பஸ் பிடித்து வந்துவிட்டான். "எங்க தம்பி செஞ்சது" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டே குனிந்து, விரல் வைத்து வாசித்தான். தாத்தாவிலிருந்து அப்பாவுக்கு வந்த விரல் அங்கிருந்து என் பெயருக்குப் போயிற்று. சற்று நேரம் அங்கேயே தேடியது. பிறகு அத்தையின் பெயருக்குக் கீழே போய் நின்றது.

"ஏலே, இது நெசமா?"

தப்பா எழுதிட்டேண்ணே என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவன் என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, "எழுத்து நல்லாருக்கு" என்று சொல்லிப் போய்விட்டான். அன்று எனக்கு முதல் பரிசு.

வீட்டில் அவன் சண்டை போடவில்லை. அப்பாதான் அழுதார். "யாரு என்ன சொன்னாலும் நீதாம்லே எம் மூத்த மவன்" என்றார். இரண்டே மாதத்தில் அண்ணன் வேலை தேடித் திருப்பூருக்குப் போனான். பொங்கலுக்கு வந்தால் ஒரு நாள் இருப்பான். அப்பாவை அப்பா என்றுதான் கூப்பிட்டான். ஆனால் கூப்பிடுவதற்கு முன் ஒரு சின்னத் தயக்கம் வந்திருந்தது. அது என்னால் வந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் அப்பா இறந்தார். சுடுகாட்டில், "கொள்ளி வைக்கிற மூத்தவரு வந்து உக்காருங்க" என்று மொட்டையடிக்கக் கூப்பிட்டார் நாவிதர். அண்ணன் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"தம்பி வைக்கட்டும். அவந்தான் பெத்த பிள்ள."

குரலில் கோபமே இல்லை. நீதாண்ணே மூத்தவன் என்று அவன் கையைப் பிடித்து நான் உட்காரவைத்திருக்கலாம். எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். இன்றைக்கு ஐம்பது வயது தாண்டியும், அட்டையில் எழுதியதைவிட இதுதான் எனக்குப் பெரிய குற்றமாகத் தோன்றுகிறது. அன்றைக்கு நான் சிறுபிள்ளை இல்லை.

நான் எழுந்ததும் அந்த இடத்தில் அண்ணன் வந்து உட்கார்ந்தான். பெற்ற பிள்ளை இல்லையென்றால் மொட்டை கட்டாயமில்லையே என்று நாவிதர் தயங்கினார்.

"எடுங்க" என்று தலையைக் குனிந்தான் அண்ணன். "எங்க அப்பா அவிய."