விற்காத கிட்னி

சேலத்தில் யூராலஜி தியேட்டரில் நர்ஸாக இருந்தவள் நான். ஆபரேஷன் வேண்டாம் என்று ஓடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். குமாரபாளையம் பக்கத்துத் தறிக்காரர் மாதேஸ்வரனிடமும் எரிந்து விழத்தான் போனேன்.

வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போகிறதென்று வந்தவர். ஸ்கேனில் இடது கிட்னியில் புற்றுநோய்க் கட்டி தெரிந்தது. நல்லவேளை, வேறெங்கும் பரவவில்லை.

"கட்டிய மட்டும் வெட்டிப்போட்டு மீதிய உட்றலாமுங்களா?" என்று கேட்டார்.

"சின்னதா, ஓரத்துல இருந்தா அப்படிச் செய்வோம். இது நடுவுல, ரத்தக்குழாயை ஒட்டி இருக்கு. முழுசா எடுத்துடணும். இன்னொரு கிட்னி நல்லா இருக்கு, அது போதும்," என்றார் டாக்டர்.

"அப்ப வேண்டாமுங்க," என்று எழுந்து வெளியே போய்விட்டார்.

வராந்தாவில் மடக்கினேன். "உசுரு மேல ஆசை இல்லையா உங்களுக்கு?"

"பொண்ணுக்கு மாப்ள பேசி வெச்சிருக்குதுங்க சிஸ்டர். எங்க பக்கம் தறிக்காரன் இடுப்புல தழும்பு இருந்தா, கடனுக்குக் கிட்னிய வித்துப்போட்டான்னுதான் பேசுவாங்க. மாப்ள ஊட்டுக்காரங்க காதுல உழுந்தா சம்பந்தம் நின்னு போயிருமுங்க."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. அந்தப் பேச்சை நானும் கேட்டிருக்கிறேன். லேப்ராஸ்கோப்பியில் துளை போட்டுச் செய்தாலும், கிட்னியை வெளியே எடுக்க ஒரு வெட்டு போட்டாக வேண்டும்.

"எடுத்ததைச் சொந்தக்காரங்களுக்குக் காட்டிட்டுத்தான் லேபுக்கு அனுப்புவோம். மாப்பிள்ளையோட அப்பாவையே கூட்டிட்டு வாங்களேன்," என்றேன்.

"கேட்டுப் பாக்கறனுங்க," என்றார்.

ஆபரேஷன் அன்று அவர் மனைவியோடு, ராசிபுரத்திலிருந்து வந்த மாப்பிள்ளையின் அப்பாவும் தியேட்டர் வாசலில் நின்றார். தட்டை நீட்டினேன். டாக்டர் கிட்னியைப் பிளந்து வைத்திருந்தார். உள்ளே எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாக, மஞ்சளாகக் கட்டி. அந்தம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாப்பிள்ளையின் அப்பா மட்டும் குனிந்து நன்றாகப் பார்த்தார்.

"எங்களுக்குப் பயந்துக்கிட்டா இதைய வயித்துலயே வெச்சுக்கப் பாத்தாரு?" என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளே, ஆபரேஷன் வேண்டாம் என்கிறவரை உடனே திட்டிவிடாதீர்கள். யாருக்காகப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். நான் அதை மாதேஸ்வரனிடம்தான் கற்றேன்.

மறுநாள் ராசிபுரத்துக்காரர் வார்டுக்கு வந்ததும், மாதேஸ்வரன் மரியாதைக்கு எழுந்திருக்கப் பார்த்தார். வந்தவர் அவர் தோளைப் பிடித்துப் படுக்க வைத்தார்.

"படுங்க சம்பந்தி. எவனாச்சும் பேசுனா, நான் கண்ணுல பாத்தேன்னு சொல்லிக்கறேன். நீங்க கல்யாணத்துக்கு நடந்து வந்து சேருங்க, போதும்."