உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளி

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் லேத்து மெஷின் ஓட்டுகிற எவனைக் கேட்டாலும் சொல்வான், காலில் கருப்பாக ஏதாவது இருந்தால் அது இரும்புப் பிசிறுதான் என்று. ஷூவுக்குள் எப்படியோ புகுந்து தோலில் ஏறிக்கொள்ளும். ஊசியால் நோண்டி எடுத்துவிட்டு வேலையைப் பார்ப்போம். என் இடது குதிகாலுக்கு அடியில் ஒரு கரும்புள்ளியைப் பார்த்தபோது நானும் அதைத்தான் செய்தேன். இருபத்தெட்டு வருஷம் இரும்போடு மாரடித்தவனுக்குத் தெரியாத பிசிறா? நோண்ட நோண்ட ரத்தம்தான் வந்தது. காந்தம்கூட வைத்துப் பார்த்தேன், மடையன்.

கம்பெனியில் வருஷா வருஷம் நடக்கிற மெடிக்கல் செக்கப்பில் அதைப் பார்த்துவிட்டு, ஓசூரில் தோல் டாக்டரிடம் போகச் சொன்னார்கள். அந்த டாக்டரம்மா வெளிச்சம் வைத்த லென்ஸ் ஒன்றைப் போனில் மாட்டி, காலில் அழுத்திப் படம் எடுத்தார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். உள்ளங்கால் ரேகை வரப்பு வரப்பாகத் தெரிந்தது. கருப்பு பள்ளத்தில் இருந்தால் பெரும்பாலும் சாதா மச்சம், மேட்டில் ஓடினால் தோல் புற்றுநோயாக இருக்கலாம் என்றார். போல்ட்டுக்கு மரை வெட்டுகிறவனுக்கு மேடு எது, பள்ளம் எது என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். எல்லாம் மேட்டில்தான் இருந்தது.

எப்போதிலிருந்து இருக்கிறது, பெரிதாகிறதா என்று கேட்டார். தெரியாது என்றேன். வீட்டில் யாராவது கவனித்திருப்பார்களே என்றார். மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. மகள் கல்யாணம் முடிந்து மஸ்கட் போய்விட்டாள். நான் காலை நீட்டிப் படுத்தால் ஏன் என்று கேட்க நாதி கிடையாது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

சதையைக் கொஞ்சம் எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய்தான் என்று வந்தது. நல்லவேளை, மேல்தோலோடு நின்றிருந்தது, உள்ளே இறங்கவில்லை. சுற்றிலும் இன்னும் கொஞ்சம் வெட்டி எடுத்தார்கள். மகளிடம் கால் ஆணி எடுத்ததாகச் சொன்னேன். நொண்டி நொண்டி நானே சோறாக்கினேன். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் ஒருநாள் காலுக்கு என்ன என்று கேட்டார். ஆணி என்றேன். அவரும் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருதரம், வேறெங்காவது புதிதாக வருகிறதா என்று பார்க்க உடம்பு முழுக்கப் படம் எடுத்தார்கள். என் வயசுள்ள நர்சம்மா ஒருவர், தெலுங்கில் எண்ணிக்கொண்டே முதுகில் ஒவ்வொரு மச்சமாகப் படம் பிடித்துப் பழைய படத்தோடு ஒத்துப் பார்ப்பார். "இது அப்படியேதான் இருக்குதுண்ணா" என்பார். அந்த அரைமணி நேரம் எனக்கு அப்படிப் பிடிக்கும். அங்கே போகிற அன்றைக்குச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போவேன், போனதும் கழற்றப்போகிற சட்டையை. சிரிப்பாகத்தான் இருக்கிறது.

இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. போன வாரம் டாக்டரம்மா எல்லாப் படத்தையும் பார்த்து முடித்து, நன்றாக இருக்கிறீர்கள், இனிமேல் வருஷத்துக்கு ஒருதரம் வந்தால் போதும் என்றார். சாமி கும்பிட வேண்டிய சேதி. நானோ கழற்றிய சட்டையைப் போடாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

"மூணு மாசமே இருக்கட்டும் டாக்டர்," என்றேன். "என்னைப் பாக்க வேற யாருமில்ல."