சாம்பிராணி மணந்த நாய்க்குட்டி

எங்கள் மயிலாப்பூர் ஃப்ளாட்டின் மேல்மாடிக்குக் குடிவந்தவனுக்கு ஊரே நற்சான்று கொடுத்தது. ஊர் என்ன ஊர், எங்கள் கட்டடம்தான். காலையில், மாலையில், போதாக்குறைக்கு மத்தியானமும் அவன் வீட்டிலிருந்து சாம்பிராணிப் புகை படியிறங்கி வரும். "இந்தக் காலத்துல இப்படி ஒரு பக்தியா!" என்று சங்கத்துச் செயலாளர் மாமா உருகினார். நானும் மூக்கை விரித்து இழுத்துக்கொள்வேன். சாம்பிராணி மணந்துவிட்டால் எங்கள் ஆட்களுக்கு வேறு கேள்வி கேட்கத் தோன்றாது.

அந்தச் சமயத்தில்தான் அடையாறிலிருக்கும் என் தங்கை போனில் விளம்பரம் பார்த்து ஒரு பொமரேனியன் குட்டி வாங்கினாள். வெள்ளைக் குட்டி, ஒரு காது மட்டும் பழுப்பு. விற்றவன் வீட்டுக்குக் கூப்பிடவில்லை, தாயைக் காட்டவில்லை. பஸ் டிப்போ வாசலில் பைக்கை நிறுத்தி, காய்கறிப் பையிலிருந்து எடுத்து நீட்டினானாம், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல்.

"பெத்தவளைப் பாக்காம வாங்குவியாடி?" என்று, குட்டியைப் பார்க்கப் போன இடத்தில் கத்தினேன்.

"சும்மா கத்தாதே அக்கா. நல்ல ஆத்துலேர்ந்துதான் வந்திருக்கு. மோந்து பாரு, சாம்பிராணி எப்படி மணக்கறது!"

மோந்தேன். மணந்தது. அதற்கடியில் மூத்திர வாடையும் இருந்தது. தட்டில் வைத்ததைத் தின்னத் தெரியாமல் அது என் விரலைச் சப்பியது.

அந்த வாரமே ரத்தமாகக் கழிந்து செத்துப்போயிற்று. பால்குடி மறக்குமுன்னே தாயிடமிருந்து பிடுங்கியிருக்கிறார்கள், தடுப்பூசியும் போடவில்லை என்றார் டாக்டர். தங்கை விற்றவனுக்கு போன் அடித்து அடித்துப் பார்த்தாள், அவன் எடுக்கவில்லை. துண்டில் சுற்றியபோதும் குட்டி லேசாக மணந்துகொண்டிருந்தது. என்னால் தாங்க முடியவில்லை.

வீடு திரும்பிப் படியேறுகிறேன், அதே வாசனை. நின்று இன்னொரு முறை இழுத்தேன். புகைக்கு அடியில் அதே மூத்திர வாடை. அடப்பாவி!

எனக்குக் கோபம் வந்தால் முட்டிவலி தெரியாது. மேலே போய்க் கதவை இடித்தேன். நெற்றி நிறைய விபூதியோடு அவன் திறந்தான். கூடத்தில் தூபக்கால் புகைந்துகொண்டிருந்தது.

"இன்னா மாமி, கேக்காம உள்ள வர்றே?"

வாடை வந்த பக்கம் போய் பாத்ரூம் கதவைத் தள்ளினேன். ஈரத்தரையில் ஒரு நாய் கிடந்தது. வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய உடம்பு மஞ்சளாகிக் கிடந்தது. ஒரு காது பழுப்பு. நகம் வளர்ந்து சுருண்டிருந்தது, மடிக்காம்புகள் தரையில் புரண்டன. அது குரைத்து யாரும் ஏன் கேட்டதில்லை என்று அப்போதுதான் புரிந்தது. வாயைத் துணியால் கட்டியிருந்தான்.

"நீ உருப்படுவியா? லைசென்ஸ் இருக்கா உன்கிட்ட? இவளை இங்கே விட்டுட்டுப் போகமாட்டேன். கூப்பிடறேன் போலீஸை!"

சத்தம் கேட்டு வந்த செயலாளர் மாமா, "நமக்கெதுக்கு மாமி வம்பு?" என்று வாசலிலேயே நின்றுகொண்டார்.

அவன் பதறவே இல்லை. "சும்மா கூவாத மாமி. வோணும்னா தூக்கிக்கினு போ. அதுக்கு இனிமே குட்டி தங்காது. நானே பீச்சாண்ட வுட்லாம்னு இருந்தேன்."

பிடுங்கிக்கொண்டு போகத்தான் போயிருந்தேன். தேய்ந்த துடைப்பத்தைத் தள்ளிவிடுகிற மாதிரி அவனே கொடுத்துவிட்டான். அவள் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தேன். அவள் குரைக்கவில்லை. தூக்கினால் எடையே இல்லை.

புகார் கொடுத்தேன். ஆள் வந்து பார்ப்பதற்குள் அவன் காலி செய்துவிட்டான். விளம்பரம் மட்டும் இன்னும் வருகிறது, வேறு பெயரில், பச்சைப் புல்வெளியில் குட்டிகள் விளையாடும் படத்தோடு. அவன் வயிறு எரியட்டும்.

அவள் எங்களோடுதான் இருக்கிறாள். மெல்ல நடக்க ஆரம்பித்தாள், என் புடவைத் தலைப்பில் படுத்துத் தூங்கவும் பழகினாள். பிழைத்துவிட்டாள் என்று தங்கையிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, வழக்கம்போல விளக்கேற்றி, அவள் வந்த பிறகு முதல் தடவையாகச் சாம்பிராணியும் போட்டேன். படுத்திருந்தவள் எழுந்தாள். யாரும் கூப்பிடாமலே பாத்ரூமுக்குப் போய் ஈரத்தரையில் உட்கார்ந்தாள். நான் தூபக்காலோடு பின்னாலேயே போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் வாயை இறுக மூடிக்கொண்டு, கட்டுவதற்கு வசதியாக முகத்தைத் தூக்கிக் காட்டினாள்.