காது பார்க்கும் டில்லார்டு

மலைக்காட்டுக்குள் இருந்த பேர்ச் ஓடை ஊர்க்காரர்கள் யாரும் பன்றியை அடைத்துத் தீனி போட்டு வளர்ப்பதில்லை. காட்டில் விட்டுவிடுவார்கள். செஸ்ட்நட் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் கொட்டைகளைத் தின்று அது தானே கொழுத்துக்கொள்ளும். எது யாருடையது என்பதற்குக் காதுதான் சாட்சி. குட்டியாக இருக்கும்போதே ஒவ்வொரு குடும்பமும் தன் அடையாளத்தைக் கத்தியால் காதில் போட்டுவிடும். டில்லார்டு கோம்ப்ஸ் வீட்டுப் பன்றி என்றால் இடது காதில் நுனி இருக்காது, வலது காதில் ஒரு பிளவு இருக்கும். மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த ஆஸா நேப்பியர் வீட்டுப் பன்றிக்கும் இடது காதில் நுனி இருக்காது. ஆனால் வலது காதில் இருப்பது துளை.

அந்த மலைக்காடுகளில் டில்லார்டைப் போல் காது பார்க்கத் தெரிந்தவர் கிடையாது. வழக்கு என்று வந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டு விரலால் காதைத் திருப்பிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வார், அத்தோடு சண்டை முடிந்துவிடும். அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் தலைக்கும் ஏறியிருந்தது. வைலி என்ற ஒரு பையன் அடுத்தவர் பன்றியின் காது அடையாளத்தைத் தனதாகத் திருத்திவிட்டான் என்று தேவாலயச் சபை நடுவில் எழுந்து சொன்னவர் அவர்தான். அவன் அழுதான், கெஞ்சினான்.

"பன்னி திருடுன கைக்குத் திருவிருந்து அப்பம் குடுக்கணுமா? நான் ஒத்துக்க மாட்டேன்," என்றார் டில்லார்டு. வைலியை அன்றே சபையிலிருந்து நீக்கினார்கள். அவன் ஊரைவிட்டே போய்விட்டான்.

1912 இலையுதிர் காலத்தில் டில்லார்டின் பன்றிகள் மேய்ந்த சரிவில் மட்டும் பன்றிக்காய்ச்சல் வந்து அத்தனையையும் வாரிக்கொண்டு போனது. ஊர் முழுக்கப் புகைக்கொட்டகையில் இறைச்சி தொங்க, தன் வீட்டில் வெறும் கொக்கி தொங்குவதா என்று மருகினார். உறைபனி விழுந்த ஒரு காலையில் துப்பாக்கியோடு மேட்டில் ஏறியபோது, கொழுத்த ஒரு பன்றி எதிரே வந்து நின்றது. இடது காதில் நுனி இல்லை. வலது காது கிழிந்திருந்தது.

கத்தி போட்ட பிளவு என்றால் ஓரம் நேராக இருக்கும். துளை கிழிந்தால் ஓரம் பிய்ந்து, நடுவில் வளைவு தெரியும். டில்லார்டு தூக்கத்தில் கேட்டாலும் இதைச் சொல்வார். வளைவு அவர் கண்ணில் பட்டது. 'எனக்கும் ஒண்ணு தப்பிச்சிருக்குமில்ல' என்று நெஞ்சுக்குச் சொல்லிக்கொண்டே சுட்டார். வேலியே பயிரை மேய்ந்துவிட்டது.

பன்றி அறுப்பு என்றால் அக்கம்பக்கத்தார் உதவிக்கு வந்துவிடுவார்கள். கூப்பிட வேண்டியதில்லை. முதல் ஆளாக வந்து நின்றவர் ஆஸா. கொதிநீர் ஊற்றி மயிர் வழிக்கும்போது அவர் கை அந்த வலது காதில் போய் நின்றது. இரண்டு விரலால் திருப்பிப் பார்த்தார்.

"எங்கயோ மாட்டிக் கிழிஞ்சிருக்கு போல."

"ஆமா, முள்ளுல மாட்டியிருக்கும்," என்றார் டில்லார்டு, கொப்பரையைப் பார்த்துக்கொண்டு.

ஆஸா காதை விட்டுவிட்டு, பொழுது சாயும்வரை உழைத்தார். உதவிக்கு வந்தவருக்குப் பச்சைக் கறி கொடுப்பது வழக்கம். டில்லார்டு ஈரலும் முதுகுக்கறியும் எடுத்துக் கொடுத்தார். "சந்தோசம்ப்பா," என்று வாங்கிக்கொண்டு ஆஸா மேடேறிப் போனார். அவருடைய பன்றியை அவருக்கே தானம் கொடுத்து, நன்றியும் வாங்கியாயிற்று.

குளிர்காலம் முழுக்க அந்த இறைச்சி அவருக்கு இறங்கவில்லை. மனைவி மஹாலா சோள ரொட்டியோடு வறுத்து வைப்பாள், அவர் ரொட்டியை மட்டும் பிய்த்துத் தின்பார்.

"என்ன, கறி கசக்குதோ?" என்றாள் ஒருநாள். "ஊரான் வீட்டுக் காதெல்லாம் பாப்பீங்க. சாட்சிக்குன்னு நம்ம கொட்டகையில ஆணியடிச்சு வச்சிருக்கிற காதை ஏன் பாக்க மாட்டேங்கிறீங்க?"

"வாயை மூடு."

"நான் மூடிக்கிறேன். உங்களுக்குத்தான் திறக்க மாட்டேங்குது."

ஆஸாவிடம் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை மேட்டில் பாதி ஏறினார், திரும்பினார். காது பார்க்கும் டில்லார்டுக்கே காது தெரியவில்லையா என்று ஊர் சிரிக்குமே என்ற கூச்சம். நாள் போகப் போக, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வேறு சேர்ந்துகொண்டது.

ஜூன் மாதம் கால் கழுவும் ஞாயிறு வந்தது. அன்று சபையில் ஒருவர் துண்டை இடுப்பில் கட்டி, மண்டியிட்டு, மற்றவர் காலைக் கழுவ வேண்டும். மண்டியிட்டவர்மேல் மனத்தாங்கல் உள்ளவர் மட்டும்தான் காலை இழுத்துக்கொள்வார். போகாவிட்டால் ஊர் கேட்கும் என்று டில்லார்டு கடைசிப் பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்தார். ஆஸா தண்ணீர்ப் பாத்திரத்தோடு நேரே அவரிடம் வந்து மண்டியிட்டார்.

டில்லார்டு யோசித்துச் செய்யவில்லை. கால் தானாகப் பின்னால் போனது.

சபை பாட்டை நிறுத்தியது. பெண்கள் பக்கம் குசுகுசுப்பு. எல்லாக் கண்ணும் ஆஸாவின் முதுகில் இருந்தன. மூப்பர் எழுந்து வந்தார்.

"சகோதரர் ஆஸா, இவருக்கு நீங்க என்ன கெடுதல் செஞ்சீங்க?"

ஆஸா தலை குனிந்துகொண்டார். அவர் காது மடல் சிவந்திருந்தது. குற்றம் செய்தவர் பெஞ்சில் இருக்க, செய்யாதவர் ஊர் முன்னால் அவமானப்பட்டு மண்டியிட்டிருந்தார். டில்லார்டுக்கு அதுவரை இருந்ததெல்லாம் வெட்கமே இல்லை. இதுதான் வெட்கம்.

"அவரு ஒண்ணும் பண்ணலை," என்று எழுந்தார். குரல் உடைந்தது. "நான் கொன்னது அவரு பன்னி. தெரிஞ்சேதான் கொன்னேன். வைலியைத் தள்ளின மாதிரி என்னையும் வெளிய தள்ளுங்க."

மண்டியிட்டபடியே ஆஸா நிமிர்ந்தார்.

"காதைத் திருப்பினப்பவே தெரியும்ப்பா. நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன். மேட்டுப் பாதியில நீ நிக்கிறதை எத்தனை தடவை பாத்திருக்கேன். குரைச்சா திரும்பிப் போயிருவியேன்னு நாயைக்கூட ஆறு மாசமா கட்டியே போட்டிருக்கேன். நீதான் வரலை."

டில்லார்டு பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். ஆஸா தன் காலைக் கழுவி முடிக்கிறவரை அவர் கையை எடுக்கவில்லை.