கோமதி அக்கா பூசிய சுண்ணாம்பு

கோமதி அக்கா செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாள் என்று அவள் தங்கை தேவகி போன் செய்தபோது வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இனிமேல் நம் சுவரை யார் வந்து பூசுவார்கள் என்ற பயம்தான் வந்தது. மரியாதையாக ‘அவர்’ என்று எழுதினால் அக்காவே சிரிப்பாள். அதனால் பேசுவது போலவே எழுதுகிறேன்.

அக்கா கடப்பாக்கத்துக்காரி. நம் குடியிருப்பின் பேருந்து நிறுத்தச் சுவரில், அலுவலகப் பேருந்துக்குக் காத்து நிற்கும் நம்மையே வரிசையாக வரைந்தவள். அவள் வரைந்துகொண்டிருந்த நாட்களில் அங்கே யாரும் சும்மா நிற்க முடியாது. “இன்னா சார் இது, பல்வலி வந்த மாதிரி மூஞ்சி? பஸ்ஸு வந்துகினு கீதுன்னு நெனச்சுக்கோ” என்று என் கணவரை அதட்டினாள். அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு, தோளில் சாப்பாட்டுப் பையோடு, ஆளுயரத்துக்கு அவரைச் சுவரில் நிறுத்திவிட்டாள்.

அடுத்த வருடம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விபத்தில் அவர் போய்விட்டார். ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போயிருந்தார். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம். தினமும் காலையில் நான் பேருந்துக்கு நிற்பேன். அவர் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருப்பார். முதுகு கூசும். தாங்க முடியாமல் அக்காவிடம் போய், அவரை அழித்துவிடச் சொன்னேன்.

“அழிச்சுட்டா போச்சு. அழுவாத கண்ணு” என்றாள். மறுநாள் அவர் நின்ற இடத்தில் வெறும் நீலம்தான் இருந்தது.

ஐப்பசி மழையில் அவர் திரும்பி வந்தார். முதலில் மூக்குக்கண்ணாடி தெரிந்தது, அப்புறம் சிரிப்பு. நிறுத்தத்தில் நின்றவர்கள் பேச்சை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள். யாரோ அவர் காலடியில் கற்பூரம் ஏற்றியிருந்தார்கள். நான் அக்காவிடம் சண்டைக்குப் போனேன். “மழ கழுவுனா நான் இன்னா பண்றது?” என்றாள், ஆனாலும் வாளியை எடுத்துக்கொண்டு அன்றே வந்து பூசினாள். அதற்குப் பிறகு மழைக்கு மழை அவர் வருவதும், அக்கா வந்து மூடுவதும் வழக்கமாகிவிட்டது. உங்களில் பலர் அதைப் பார்த்திருக்கிறீர்கள்.

காரியத்தன்று அவள் வீட்டுக்குப் போனேன். பின்கட்டில் பெயிண்ட் டப்பாக்களை விட்டுத் தள்ளி, மூடி போட்ட வாளி ஒன்று தனியாக இருந்தது. நீலம் கலந்த சுண்ணாம்பு.

“இத உங்க வூட்டுக்காரருக்குன்னே வெச்சுகினு இருந்துச்சு” என்றாள் தேவகி. “பெயிண்ட் மேல சுண்ணாம்பு நிக்காதுன்னு அக்காவுக்குத் தெரியாதா? நல்ல பெயிண்டா ஒரு தபா அடிச்சா வேல முடிஞ்சிது, இன்னாத்துக்கு வருசா வருசம் இந்த பேஜாருன்னு கேட்டேன். ‘அந்தப் பொண்ணு கோவத்துல அழிக்கச் சொல்லிச்சு. கோவம் தீந்து ஒரு நாளு அந்த மூஞ்சியப் பாக்கணும்னு தோணுனா, அப்ப எங்க போவும்?’னுச்சு.”

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அக்காவுக்காகவா, அவருக்காகவா என்று தெரியவில்லை.

வாளியைத் தேவகி எனக்கே கொடுத்துவிட்டாள். அக்காவின் நினைவாக என்னிடம் இருப்பது அதுதான். பால்கனியில் வைத்திருக்கிறேன், இன்னும் திறக்கவில்லை. இந்த மழையில் அவர் சட்டைப் பொத்தான் வரை வந்துவிட்டார். முதுகு இப்போதும் கூசத்தான் செய்கிறது. நேற்றுப் பேருந்து வந்ததும் ஏறப்போனவள் திரும்பி, அவர் முகத்தைப் பார்த்து, “போயிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு ஏறினேன்.