தம்பியின் வரிசையில் விழுந்த கோடு

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். எனக்கே நடந்தது இது. ராத்திரி சமாச்சாரம்கூட இல்லை. மத்தியானம் இரண்டு மணி.

பறவைக் காய்ச்சல் வைரஸைக் கண்டுபிடிக்கும் லேபில் எனக்கு வேலை. அந்த வைரஸின் புரதத்தை மட்டும் கவ்விப் பிடிப்பது ஆன்டிபாடி. ஒரு சோதனைக்கு ஒரு குட்டிக் குப்பி. அது கவ்வினால் ஃபிலிமில் கறுப்புக் கோடு விழும். முதல் வரிசையில் எப்போதும் வைரஸ் புரதம் வைப்போம். அங்கே கோடு வந்தே ஆகவேண்டும். கடைசி வரிசையில் நோயில்லாத ஒருவரின் சளி; அங்கே எதுவும் வரக்கூடாது. அன்று அதற்கு ஆள் கிடைக்கவில்லை. வீட்டுச் சாவி வாங்க வந்த என் தம்பியைப் பிடித்து உட்காரவைத்து, தொண்டைக்குள் பஞ்சுக் குச்சியை விட்டேன்.

"ஐயோ, கூடப் பிறந்தவன்னு பாக்க மாட்டியா!" என்று கத்தினான். மறுநாள் கோழிப் பண்ணையில் லாரி டிரைவராகச் சேரப் போகிறான். ஒரு வருஷம் அலைந்து கிடைத்த வேலை. சிரித்துக்கொண்டே போனான்.

இருட்டறைக்குள் நான் மட்டும். கதவை உள்ளே தாழ் போட்டிருந்தேன். சிவப்பு விளக்கு. ஃபிலிமைக் கரைசலில் நனைத்தேன். முதல் வரிசையில் ஒன்றுமே வரவில்லை. சே, சொதப்பிவிட்டேனே என்று அலுத்துக்கொண்டேன்.

பின்னால் யாரோ இருமினார்கள்.

க்ஹும்... க்ஹும்...

கடைசி வரிசையில் மெல்லியதாக ஒரு கோடு.

மறுபடி இருமல். கோடு தடித்தது.

திரும்பினேன். யாருமில்லை...

ஆனால் அந்த இருமல் எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த இருமல்.

வெளியே ஓடிவந்து போன் போட்டேன்.

"டேய், உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"கல்லு மாதிரி இருக்கேன். ஏன்?"

"நாளைக்கு வேலைக்குப் போகாதடா."

"உன் லேபுக்குத்தான் காய்ச்சல். வை போனை."

மேலதிகாரி ஃபிலிமை ஒரு பார்வைதான் பார்த்தார். "முதல் வரிசையே வரலை. இது செல்லாதும்மா, தூக்கிப் போடு."

விதி அதுதான். வேறு குப்பி எடுத்து மறுபடி செய்தேன். முதல் வரிசை பளிச்சென்று வந்தது. தம்பியின் வரிசை சுத்தம். எதைக் காட்டி அவனைத் தடுப்பேன்?

போனான்.

இரண்டு வாரத்தில் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். அக்காவாக இருந்து என்ன பிரயோஜனம்? கையைக்கூடப் பிடிக்க விடவில்லை.

அதே இருமல்...

விடியும்போது அதுவும் நின்றது.

எல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, கூட வேலை செய்யும் பெண் ஐஸ் பெட்டியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். ஒரு குப்பியை என்னிடம் நீட்டினாள்.

"அக்கா, உங்க தம்பி வந்தாரே, அன்னைக்கு முதல் தடவைக்கு நீங்க தேதி எழுதி எடுத்து வச்சது. சீலே பிரிக்கலையே?"

அவசரத்தில் ஆன்டிபாடியை ஊற்றவே மறந்திருக்கிறேன்.

ஆன்டிபாடி ஊற்றாத ஃபிலிமில் யாருக்கும் கோடு விழாது.

என் தம்பிக்கு விழுந்தது.